தெலுங்குப் பிரிவுக்கு ஆள் ஏற்றிய கதை

"ரெண்டு ரெள்ளு நாலுகு" என்று இடது பக்கத்து மூங்கில் தட்டிக்கு அப்பாலிருந்து ஒரு கூட்டம் கத்தும். அது அடங்குவதற்குள் வலது பக்கத்துத் தட்டியைத் தாண்டி "தோ தூனி சார்" என்று இன்னொரு கூட்டம் பிடித்துக்கொள்ளும். நடுவில் மாட்டிக்கொண்ட நாங்கள் "ஈரெண்டு நாலு" என்று கழுத்து நரம்பு புடைக்கக் கூவினால்தான் எங்கள் கணக்கு எங்கள் காதிலேயே விழும். கல்மண்டபத்திலிருந்து மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஒரு சந்துக்குள் ஒளிந்திருந்த அந்த ஆரம்பப் பள்ளியின் மாடியில் ஒரே நீளக் கூடம். அதைத் தட்டி வைத்துத் தடுத்து தெலுங்குப் பிரிவு, தமிழ்ப் பிரிவு, உருதுப் பிரிவு என்று மூன்றாக்கியிருந்தார்கள். தட்டிக்குக் காது கிடையாது என்று எந்த அதிகாரி நினைத்தாரோ தெரியவில்லை. ஆறாம் வாய்ப்பாட்டைத் தமிழில் தொடங்கி, பாதி வழியில் தெலுங்குக்குத் தாவி, உருதுவில் கரை சேர்ந்ததற்காக நான் வாங்கிய அடி கொஞ்சநஞ்சமில்லை.

வகுப்பு மணிக்கு மூன்று மொழி, விளையாட்டு மணிக்கு ஒரே மொழி என்பது எங்கள் பள்ளியின் எழுதாத சட்டம். மணி அடித்துக் கீழே மைதானத்துக்கு இறங்கிவிட்டால் எல்லார் வாயிலும் "இன்னா", "கீது", "பேஜாரு", "தோஸ்து"தான். இதில் எந்தச் சொல் யார் வீட்டிலிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை, கேட்டிருந்தாலும் "உனுக்கு இன்னாத்துக்கு அது?" என்றுதான் பதில் வந்திருக்கும். ஊரார் சினிமாவில் பார்த்துச் சிரிக்கிற அந்தப் பேச்சில்தான் நாங்கள் சண்டை போட்டோம், சமாதானமானோம், மாங்காய்ப் பத்தைக்கு உப்பு மிளகாய்த்தூள் தொட்டுக்கொண்டோம்.

என் தோழி பத்மா தெலுங்குப் பிரிவு. தட்டியில் ஒரு மூங்கில் உடைந்து ஓட்டை விழுந்திருந்த இடத்துக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். அந்த ஓட்டை வழியாகப் பலப்பம் போகும், கடலை மிட்டாய் வரும், சில சமயம் கிள்ளும் வரும். அவளுடைய அப்பா ஐஸ் கம்பெனியில் பாளம் பாளமாக ஐஸ் தூக்குகிறவர். அவர்கள் குடும்பம் எந்தக் காலத்தில் ஆந்திராப் பக்கமிருந்து இங்கே வந்தது என்பது அவர்களுக்கே தெரியாது. வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் எங்கள் பாஷை, அவ்வளவுதான். பத்மா என்னைவிட ஒரு சாண் உயரம், குரல் என்னைவிட இரண்டு முழம் நீளம். மீன் ஏலத்தில் நின்றால் ஜெயித்துவிடுவாள் என்று என் அம்மா அவளைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லுவாள்.

நாங்கள் நாலாவது படிக்கும்போது, மழைக்காலம் முடிந்த கையோடு, அந்தச் செய்தி வந்தது. தெலுங்குப் பிரிவில் பிள்ளைகள் குறைந்துபோய்விட்டார்கள், விதிப்படி ஒரு பிரிவு நடக்க வேண்டுமானால் இருக்க வேண்டிய அளவு ஆட்கள் இல்லை, ஆய்வாளர் வந்து பார்ப்பார், பார்த்துவிட்டு மூடச் சொல்லுவார். மூடினால் பிள்ளைகள் தண்டையார்ப்பேட்டை தாண்டி இருக்கிற இன்னொரு தெலுங்குப் பள்ளிக்குப் போகலாம். இல்லாவிட்டால் தட்டிக்கு இந்தப் பக்கம் வந்து தமிழில் சேரலாம். சொல்வதற்கு எவ்வளவு சுலபம்! தமிழைக் கடகடவென்று பேசுகிற பத்மாவுக்குத் தமிழில் ஓர் எழுத்துகூட எழுதத் தெரியாது. இந்தப் பக்கம் வந்தால் ஒன்றாம் வகுப்பில்தான் உட்கார வைப்போம் என்று தலைமையாசிரியர் கையை விரித்துவிட்டார். ஒன்றாம் வகுப்பில் அவளுடைய தம்பி வயதுப் பிள்ளைகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி பக்கத்துல குந்திகினு அ ஆ படிக்க மாட்டேன். செத்தாலும் மாட்டேன்" என்றாள் பத்மா.

அவள் அப்பாவுக்கு அது வசதியாகப் போய்விட்டது. கெட்டவர் இல்லை, களைத்துப்போனவர். "ரெண்டு பஸ்ஸு மாறி பொட்டப்புள்ள எங்க போவும்? போதும். வூட்ல இர்க்கட்டும், தம்பியப் பாத்துக்கட்டும்" என்று முடித்துவிட்டார். பத்மா அன்றைக்கு ஓட்டை வழியாக எதையும் அனுப்பவில்லை, கிள்ளக்கூட இல்லை. அவள் இல்லாமல் பள்ளிக்கூடத்துக்கு எதற்குப் போக வேண்டும் என்றுகூட எனக்கு விளங்கவில்லை.

சாயங்காலம் என் அம்மாவிடம் போய் அழுதேன். அம்மா விடியலில் துறைமுகத்தில் ஏலம் எடுத்து, பொழுது சாயும் வரை கல்மண்டபம் சந்தையில் கூடை போட்டு மீன் விற்கிறவள். சங்கரா மீனின் செதிளைச் சீவிக்கொண்டே முழுக்கதையையும் கேட்டாள். கேட்டுவிட்டு, உலகத்திலேயே சின்னப் பிரச்சினையைக் கேட்டவள்போலக் கத்தியைக் கழுவினாள்.

"போட்டுக்கு ஆள் கொறஞ்சா இன்னா பண்றோம்? போட்ட ஒடச்சா போட்டுர்றோம்? பக்கத்து போட்லர்ந்து நாலு பேர ஏத்திகினு போறோம். கரைக்கு வந்தா அவனவன் வூட்டுக்கு அவனவன் பூடுறான். நாளைக்கு அவன் போட்டுக்கு ஆள் கொறஞ்சா நம்ம ஆள் போவான். இதுல இன்னா கீது?"

எங்கள் குப்பத்தில் அது கேள்வி கேட்கப்படாத வழக்கம். ஒரு விசைப்படகில் ஆள் உடம்பு சரியில்லாமல் படுத்துவிட்டால் அந்தப் படகு கரையில் கட்டிக்கிடக்கக் கூடாது. பக்கத்துப் படகுக்காரன் தன் ஆளைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காதவனுக்கு ஊரில் மரியாதை கிடையாது. அந்தச் சட்டத்தை ஒரு பள்ளிக்கூடத்துக்கும் போடலாம் என்பது என் அம்மாவுக்கு மட்டும்தான் தோன்றியிருக்கும்.

மறுநாள் கூடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டு அம்மா பள்ளிக்கு வந்தாள். தெலுங்குப் பிரிவின் ரமாதேவி டீச்சர் சின்ன வயது, புதிதாக வேலைக்கு வந்தவர். பல்லி கத்தினால்கூடப் புத்தகத்தை மூடிவிடுகிற பயந்த சுபாவம். அம்மா சொன்னதைக் கேட்டதும், "ஐயோ, வேலை போயிடும்மா" என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "பிரிவே போயிட்டா வேல மட்டும் எங்க டீச்சர் கீது?" என்று அம்மா கேட்டதும் நாற்காலியை விட்டார். தலைமையாசிரியரோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடிக்கும் வரை தமக்கு எதுவும் தெரியாது என்பது அதற்கு அர்த்தம்.

ஆட்கள் ஏறினோம். தமிழ்ப் பிரிவிலிருந்து நானும் எங்கள் தெருப் பிள்ளைகள் சிலரும். உருதுப் பிரிவிலிருந்து ஷகிலாவும் அவளுடைய சித்தி மகளும். ஷகிலாவின் அப்பா வண்ணாரப்பேட்டையில் கயிறு வியாபாரம் செய்கிறவர். நெல்லூர் வரை சரக்குப் போகிறது, பெண் நாலு வார்த்தை தெலுங்கு கற்றுக்கொண்டால் நமக்குத்தானே லாபம் என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார். மதியச் சாப்பாட்டு வேளையில் ரமாதேவி டீச்சர் எங்களை உட்காரவைத்துத் தெலுங்குப் புத்தகத்திலிருந்து பசுவைப் பற்றிய பாடத்தை ஏற்றினார். "ஆவு மனகு பாலு இச்சுனு." பசு நமக்குப் பால் தரும். ஜாங்கிரி சுற்றியதுபோல இருந்த அந்த எழுத்துகளைப் பார்த்தாலே வாயில் எச்சில் ஊறும். ஒரு வாரத்தில் பசுவின் கொம்பு, வால், குளம்பு, அது தின்னும் புல் எல்லாம் எங்களுக்கு மனப்பாடம். ஷகிலா சொன்னால் கேட்டுக்கொண்டே இருக்கலாம், அவ்வளவு நறுவிசாக வரும்.

பத்மாவும் அவள் வகுப்புப் பிள்ளைகளும் பயிற்சிக்கு வரவேயில்லை. "எங்க வூட்டு பாஷய எங்களுக்கே சொல்லித் தர்றியா?" என்று மைதானத்தில் கெந்தி விளையாடிக்கொண்டிருந்தார்கள். நியாயம்தானே என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

ஆய்வாளர் ஒரு திங்கட்கிழமை வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் மடித்துப் போட்ட அங்கவஸ்திரம், கொஞ்சம் தொப்பை. வேலூர்ப் பக்கத்தில் வீட்டிலும் புத்தகத் தெலுங்கே பேசுகிற குடும்பத்துக்காரர் என்று பிறகு தெரிந்தது. வகுப்பு நிரம்பி வழிந்ததைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது, பிறகு கொஞ்சம் சுருங்கியது. ஆள் எண்ணிக்கையில் ஏதோ சூது இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஒவ்வொருவராக எழுப்பினார்.

என்னை எழுப்பினார். நான் பசுவை மூச்சுவிடாமல் ஓட்டினேன். "பாகு, பாகு", அதாவது நல்லது நல்லது, என்று தலையாட்டினார். ஷகிலாவை எழுப்பினார்; அவள் வாலையும் குளம்பையும் சொன்ன அழகில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அடுத்துப் பத்மா. அவளிடம் புத்தகத்தைக் கேட்கவில்லை. காலையில் வீட்டில் என்ன சாப்பிட்டாய் என்று தெலுங்கில் கேட்டார். "நேத்து கொழம்பே உந்தி சார், தான்னே ஊத்திகினு தின்னா" என்றாள் பத்மா. நேற்றுக் குழம்பையே ஊற்றித் தின்றேன் என்பதற்கு அவள் வீட்டுத் தெலுங்கு அதுதான். பாதி ஆந்திரா, பாதி ராயபுரம். ஆய்வாளர் புருவத்தைத் தூக்கினார். அடுத்து எழுந்த தெலுங்குப் பிள்ளையும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே.

அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். ரமாதேவி டீச்சரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பத்மாவையும் மற்றத் தெலுங்குப் பிள்ளைகளையும் பார்த்து, "நீங்க எல்லாம் தமிழ்ப் பிள்ளைங்க. எண்ணிக்கைக்காக உட்காரவெச்சிருக்காங்க. எழுந்து உங்க வகுப்புக்குப் போங்க" என்றார். நாங்கள், ஏறிவந்த ஆட்கள், பெஞ்சில் பத்திரமாக உட்கார்ந்திருந்தோம். படகின் சொந்தக்காரர்கள் இறக்கிவிடப்பட்டார்கள்.

டீச்சர் மறுபடியும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். தெலுங்குப் பிள்ளைகள் ஒன்றும் புரியாமல் பையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். பத்மா மட்டும் வாசலருகே போய் நின்றாள். அவள் தோள் குலுங்கியது. நான் அவள் அழுகிறாள் என்று நினைத்தேன். திரும்பினாள், அழுதுகொண்டுதான் இருந்தாள், ஆனால் அதைவிட அதிகமாகக் கோபத்தில் இருந்தாள். மூன்று பிரிவுக்கும் கேட்கிற குரலில் ஆய்வாளரைப் பார்த்துக் கத்தினாள்:

"நீ நோட்லோ மன்னு படா!"

உன் வாயில் மண் விழ என்று அர்த்தம். அவள் அம்மா குழாயடியில் தினமும் பிரயோகிக்கிற ஆயுதம். தொடர்ந்து இன்னும் சிலதும் வந்தன. அவற்றை இங்கே எழுத மாட்டேன்.

வாய்ப்பாடுகூட நின்றுவிட்டது. தலைமையாசிரியர் கண்ணாடி துடைப்பதை விட்டுவிட்டார். பிறகு ஆய்வாளரின் தொப்பை ஆட ஆரம்பித்தது. சிரிக்கிறார்! நாற்காலியைத் தேடிப் போய் உட்கார்ந்து, அங்கவஸ்திரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "எங்கம்மா திட்டு" என்றார். "கோபம் வந்தா புத்தகத் தெலுங்கெல்லாம் பறந்துடும், அப்படியே எங்கம்மா திட்டு. எத்தனை வருஷமாச்சு கேட்டு! பாடத்தை யார் வேணா மனப்பாடம் பண்ணலாம். இதை எவனும் பண்ண முடியாது. வா தல்லி, வா தாயே, உள்ளே வா." பத்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு, சந்தேகத்தோடு, உள்ளே வந்தாள்.

எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் யோசித்துப் பாருங்கள்: அசல் எது என்று தெரிந்துவிட்டால் நகல் எது என்று தெரிய எவ்வளவு நேரம் ஆகும்? ஆய்வாளர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "மீ நாய்ன ஏம் பனி சேஸ்தாடு?" என்று கேட்டார். உன் அப்பாவுக்கு என்ன வேலை என்பது கேள்வி. எனக்கு அதில் 'நைனா' மட்டும் புரிந்தது. அப்பாவைப் பற்றி ஏதோ கேட்கிறார். சும்மா நின்றால் பத்மாவின் படிப்பு போய்விடும். எனக்குத் தெரிந்த தெலுங்கு ஒன்றே ஒன்று. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்:

"நாய்ன மனகு பாலு இச்சுனு."

அப்பா நமக்குப் பால் தரும். முதலில் சிரித்தது பத்மாதான், துரோகி. பிறகு தெலுங்குப் பிள்ளைகள் எல்லாரும். பிறகு ரமாதேவி டீச்சர், பயத்தையும் மறந்து. வாசலில் இன்னொரு சிரிப்பு கேட்டது. சரக்கு எப்படிப் போகிறது என்று பார்க்க வந்து, படிக்கட்டிலேயே நின்றுகொண்டிருந்த என் அம்மா. தெலுங்கு அவளுக்கு மீன் விற்கிற அளவுக்குத் தெரியும்.

இனி மறைத்துப் பயனில்லை என்று அம்மாவே உள்ளே வந்துவிட்டாள். "தப்பு எம்மேலதான் சார். டீச்சரம்மா மேல போவாத" என்று தொடங்கி, படகு, ஆள், கரை என்று எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லி முடித்து, பத்மாவின் தலையில் கை வைத்தாள். "இத்த மூடிட்டா இந்தப் பொண்ணு வூட்டோட நின்னுடும் சார். அத்தான் விஷயம். வேற ஒண்ணும் இல்ல."

ஆய்வாளர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டார்: "பக்கத்துப் படகிலிருந்து ஏத்துற ஆள் சும்மா உட்கார்ந்துட்டு வருவானா அம்மா, வலை இழுப்பானா?"

"இன்னா சார் கேக்குற? இழுக்காதவன எவன் ஏத்துவான்? மத்தவனவிட சேத்து இழுப்பான்."

"அப்ப சரி. இன்னைக்கு உட்கார்ந்த பிள்ளைங்க வருஷம் முழுக்க இங்கேயே உட்கார்ந்து படிக்கட்டும். தெலுங்கும் படிக்கட்டும், தமிழும் ஒரு பீரியட் படிக்கட்டும். பெத்தவங்க சம்மதிச்சா பிரிவு இருக்கும். சும்மா உட்காரவெச்சா நானே வந்து மூடுவேன்."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அன்றைக்கு என் அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு வேளைக்குக் கொடுத்த பெண்ணை ஒரேயடியாகக் கேட்கிறார். பத்மா என் அம்மாவின் முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அம்மா அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஏலத்தில் சொன்ன வார்த்தையை அவள் என்றைக்கும் திரும்ப வாங்கியதில்லை.

"இழுக்கும் சார் எம் பொண்ணு. நல்லாவே இழுக்கும்" என்றாள்.

ஷகிலாவின் அப்பாவும் சம்மதித்தார். எங்கள் தெருவில் ஒன்றிரண்டு பேர் முகத்தைச் சுளித்தாலும் அம்மா போய்ப் பேசிச் சரிக்கட்டினாள். ஒரு வாரம் கழித்துக் கடலிலிருந்து திரும்பிய என் அப்பா, "நானு போயி வர்றதுக்குள்ள எம் பொண்ண தெலுங்கு ஆக்கிட்டியேடி!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். பால் தருகிற அப்பா என்ற பட்டம் தமக்குக் கிடைத்திருப்பது தெரிந்ததும் அவரும் சிரித்துத் தீர்த்தார். குப்பத்தில் கொஞ்ச காலம் அதுவே அவர் பெயர்.

அந்த ஒன்றரை வருடம் போல ஒரு காலம் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை. தட்டியின் இரண்டு பக்கத்திலும் எனக்கு இடம் இருந்தது. நான் பத்மாவுக்குத் தமிழ் எழுத்தைச் சொல்லிக்கொடுத்தேன், அவள் எனக்குத் திட்டுகளைச் சொல்லிக்கொடுத்தாள். இன்றும் என் தெலுங்கில் பிசிறில்லாமல் வருவது அந்தப் பகுதிதான். ஐந்தாவது முடித்ததும் நாங்கள் எல்லாரும் ஒன்றாகத் தமிழ் உயர்நிலைப் பள்ளிக்குப் போனோம். யாரும் யாரையும் ஒன்றாம் வகுப்பில் உட்காரவைக்கவில்லை.

இப்போது அந்தக் கூடத்தில் தட்டிகள் இல்லை. தெலுங்குப் பிரிவு எங்களுக்குப் பின் சில வருடங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போய்விட்டது; உருதுப் பிரிவும் போயிற்று; தமிழ்ப் பிரிவிலும் கூட்டம் இல்லை. ஆங்கில வழி என்று பெரிதாக எழுதி, சுவரில் வண்ணப் படங்கள் போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் "டூ டூஸ் ஆர் ஃபோர்" என்று ஒரே குரலில் சொல்கிறார்கள். நன்றாகத்தான் சொல்கிறார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. இரைச்சல் இல்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தன் பிள்ளையைப் பக்கத்து வகுப்புக்குக் கொடுக்கிற அம்மா இன்றைக்கு யாரும் இல்லை. நானும் கொடுத்திருக்க மாட்டேன்.

பத்மா அரசு மருத்துவமனையில் நர்ஸ். எர்ணாவூரில் வீடு கட்டியிருக்கிறாள். போன மாதம் அவள் மகளின் கல்யாணப் பத்திரிகை அடிக்க இரண்டு பேருமாகக் கல்மண்டபத்தில் ஓர் அச்சகத்துக்குப் போனோம். ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் ஆங்கிலம் என்று மகள் முடிவு செய்திருந்தாள். பத்மா தெலுங்கிலும் ஒரு பக்கம் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். "யாரும்மா படிக்கப் போறாங்க?" என்று மகள் கேட்டதற்கு, "உங்க தாத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. பாக்கத் தெரியும்" என்றாள். அச்சகத்துப் பையன் கணினியில் எப்படியோ எழுத்தை வரவழைத்துவிட்டான். ஆனால் சரிபார்க்க அந்தக் கடையில், அந்தத் தெருவில், ஆள் இல்லை. நானும் பத்மாவும் தலையோடு தலை முட்டிக்கொண்டு, விரல் வைத்து, எழுத்துக்கூட்டிப் படித்தோம்.

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்களுக்கு எப்டி இது தெரியும்? நீங்க தெலுங்கா?" என்றாள்.

நான் சிரித்தேன். பத்மா சிரிக்கவில்லை. பையனிடமிருந்து தாளை வாங்கி, குடும்பத்தார் பெயர்கள் இருக்கிற இடத்தில் விரலை வைத்து, "இங்க ஒரு பேர் சேக்கணும் தம்பி. பெத்தம்மா, தேசராணி" என்றாள். பெத்தம்மா என்றால் பெரியம்மா. பிறகு மகளைப் பார்த்து, "இவ வந்து குந்தலன்னா உங்கம்மா நாலாவதோட வூட்ல நின்னுருப்பா" என்றாள்.

பையன் தட்டினான். திரையில் என் பெயர் அந்த எழுத்தில் வந்தது. அந்தப் பத்திரிகையை வாங்குகிறவர்களில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலராகத்தான் இருப்பார்கள். நான் வாய்விட்டு, கடையில் எல்லாருக்கும் கேட்கும்படி, இரண்டு தடவை படித்தேன்.